ஒரு நாற்காலி, ஒரு ஆஸ்பத்திரி, கொஞ்சம் மரம்

பீச் - தாம்பரம் மின்சார ரயில்ல போனவங்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை தாண்டினதும் ஒரு ஸ்டேஷன் வரும். பேரு 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் அத்தனை பேர் ஏறி இறங்குற இடம். ஆனா சானடோரியம்னா என்னன்னு கேட்டுப் பாருங்க, பாதிப்பேர் "அது ஏரியா பேருங்க"ன்னுதான் சொல்வாங்க. ஒரு வியாதிக்கும் கட்டிடக் கலைக்கும் நடுவுல முக்கால் நூற்றாண்டுக்கு மேல ஓடின கதையோட மிச்சம் அந்தப் பேரு. வியாதி: காசநோய், அதாவது டிபி. நம்ம தாத்தா பாட்டி காலத்துல எலும்புருக்கின்னு சொல்வாங்க.

இந்தப் பதிவு அந்த ஸ்டேஷனைப் பத்தி இல்லை. பின்லாந்துல இருக்கிற ஒரு சானடோரியத்தையும் அதுக்காகச் செஞ்ச ஒரு மர நாற்காலியையும் பத்தினது. வீட்டுக்குள்ள மரம், மண், சுண்ணாம்புன்னு இயற்கைப் பொருள் இருந்தா மனசுக்கும் உடம்புக்கும் நல்லதுன்னு இப்ப எல்லா இன்டீரியர்காரங்களும் சொல்றாங்க. அது எவ்வளவு தூரம் நிஜம், எங்க ஆரம்பிச்சதுன்னு தோண்டிட்டே போனா இந்த நாற்காலியில்தான் போய் முட்டிக்கணும்.

கொஞ்சம் பின்னாடி போகணும். கொசுவத்தி சுத்திக்குங்க.

டிபிக்கு மருந்தே இல்லாத காலம். 1850-களில் ஹெர்மன் பிரேமர் என்கிற ஜெர்மன் மருத்துவர், சைலீசியா மலைப்பக்கம் கோர்பர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் (இப்போ அது போலந்து) நோயாளிகளை வரவழைச்சு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வுன்னு வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சார். அப்புறம் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் உட்பட மலையும் காடும் இருந்த இடமெல்லாம் சானடோரியம் முளைச்சது. மருந்து இல்லாததால கட்டிடமே மருந்து. எத்தனை ஜன்னல், எந்தத் திசை, பால்கனி எவ்வளவு அகலம் என்பதெல்லாம் வைத்தியச் சீட்டு மாதிரி கணக்குப் போட்டு எழுதப்பட்டன.

1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் ஒரு புது பயம் வந்துடுச்சு: தூசு. காய்ஞ்ச சளி தூசோட கலந்து பரவுதுன்னு அப்போ நம்பினாங்க. உடனே திரைச்சீலை போச்சு, கம்பளம் போச்சு, மெத்தை வெச்ச நாற்காலி போச்சு, செதுக்கு வேலை செஞ்ச மர அலமாரி போச்சு. மரத்துல இடுக்கு உண்டு, இடுக்குல தூசு உண்டு, தூசுல கிருமி உண்டு. இதான் லாஜிக். அதுக்குப் பதிலா வெள்ளைச் சுவர், ஓடு, கண்ணாடி, இரும்பு. எல்லாம் கழுவித் துடைக்கிற மாதிரி. 20-ஆம் நூற்றாண்டோட நவீனக் கட்டிடக் கலை, 'வெள்ளைப் பெட்டி' வீடுகள், எல்லாத்துக்கும் பின்னாடி இந்த ஆஸ்பத்திரி மணம் கொஞ்சம் உண்டு.

கிருமியைப் பத்தி இவ்வளவு யோசிச்சவங்க, அங்கே படுத்துக்கிடந்த ஆளைப் பத்தி யோசிச்சாங்களா? இதுக்கு நமக்குத் தெரிஞ்ச ஒரு சாட்சி இருக்கார். கும்பகோணத்துப் பையன், கணித மேதை ராமானுஜன். 1917-ல் இங்கிலாந்தில் உடம்பு படுத்து சானடோரியம் சானடோரியமா அலைஞ்சார். அதுல ஒண்ணு மெண்டிப் மலைப்பகுதியில் டாக்டர் சௌரி முத்து நடத்தினது. (ஆமா, 1928-ல் தாம்பரத்துல அந்த சானடோரியத்தை ஆரம்பிச்ச அதே சௌரி முத்துதான். 1937-ல் அரசு அதை எடுத்துக்கிச்சு.) இங்கிலாந்துல ராமானுஜன் இருந்த சானடோரியம் ஒண்ணுல கணப்பு மூட்ட விடலை. திறந்த ஜன்னலும் குளிர்காற்றும்தான் சிகிச்சை. குளிர்ல நடுங்கி நடுங்கி சாப்பிடக்கூட முடியலைன்னும், குளியலறை மட்டும் கதகதப்பா இருக்கிறதால பேப்பரும் பேனாவுமா அங்க போய் கணக்குப் போடப்போறேன்னும் கடிதத்துல எழுதியிருக்கார். நோயைக் குணப்படுத்தக் கட்டின கட்டிடத்துல, மனுஷன் உட்கார்ந்து யோசிக்கத் தோதா இருந்த ஒரே இடம் பாத்ரூம்! இதுல இன்னொரு கொடுமை, அவருக்கு இருந்தது டிபியே இல்லை, அமீபாவால வந்த ஈரல் நோயா இருக்கலாம்னு 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை எல்லாம் அலசி எழுதினார். அது தனிக்கதை.

சரி, பின்லாந்துக்குப் போவோம்.

அங்கே அப்போ டிபி பெரிய உயிர்க்கொல்லி. துர்க்கு நகரத்துப் பக்கம் பைமியோ என்ற ஊரில், பைன் மரக்காட்டுக்கு நடுவுல ஒரு சானடோரியம் கட்ட போட்டி வெச்சாங்க. 1929 ஆரம்பத்துல ஜெயிச்சவர் ஆல்வர் ஆல்டோ, வயசு 30. மனைவி ஐனோவும் கட்டிடக் கலைஞர். உள்ளே இருக்கிற நாற்காலி, விளக்கு, வாஷ்பேசின் எல்லாத்துலயும் ரெண்டு பேர் கையும் உண்டு. (புத்தகங்கள்ல ரொம்ப நாள் ஆல்வர் பேர் மட்டும்தான் வரும். வழக்கமான கதைதான்.) 1933-ல் கட்டி முடிச்சாங்க. ஏறக்குறைய 300 நோயாளிகளுக்கு இடம்.

இந்த வேலை வந்த சமயத்துல தானே உடம்பு சரியில்லாம படுத்திருந்ததா ஆல்டோ பின்னாடி எழுதியிருக்கார். அப்போதான் அவருக்கு ஒரு விஷயம் பொறி தட்டியிருக்கு. அறைகளை எல்லாம் நின்னுக்கிட்டிருக்கிற மனுஷனுக்காகத்தான் வரையறோம். நோயாளி படுத்திருக்கான். அவனுக்குச் சுவர் முக்கியமில்லை, கூரைதான் முக்கியம்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. காலெலும்பு முறிஞ்சு 19 நாள் ஒரு வார்டுல மல்லாந்து கிடந்தார். நேர் மேலே ட்யூப்லைட். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலயும் அணைக்க மாட்டாங்க. கண்ணு மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டேதான் தூங்குவார். "வலியைக்கூட பொறுத்துக்கலாம்டா, இந்த லைட்டைத்தான்..."ன்னு ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், அதுக்கு மேல குறை சொல்ற ஆள் இல்லை. டாக்டர் நல்லவர், நர்ஸ் நல்லவங்க, ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அந்தக் கட்டிடம் வரைஞ்ச ஆள் ஒரு நாளும் அந்தக் கட்டில்ல படுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

பைமியோவில் படுத்துப் பார்த்து வரைஞ்சிருக்காங்க. கூரைக்கு வெள்ளை இல்லை, அடங்கின பச்சை நிறம். விளக்கு, படுத்திருக்கிறவர் கண்ணுல நேரா விழாத இடத்துல. கூரையில் பதிச்ச சூடாக்கும் அமைப்பு, தலைப்பக்கம் இல்லாம கால்பக்கம் வெப்பம் விழுற மாதிரி. ஒரு அறைக்கு ரெண்டு பேர், ஆளுக்கொரு வாஷ்பேசின். அந்த பேசின்ல தண்ணி சரிவா விழற மாதிரி கோணம் வெச்சு, சத்தம் வராம பண்ணியிருக்காங்க. ஒருத்தர் ராத்திரி எழுந்து கை கழுவினா பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடக்கூடாதாம். கதவுக் கைப்பிடியைக்கூட டாக்டரோட கோட்டுக் கை மாட்டிக்காத மாதிரி வளைச்சிருக்காங்க.

இப்போ நாற்காலி.

அந்தக் காலத்து நாகரிகம் இரும்புக்குழாய் நாற்காலி. 1925 - 26 வாக்குல ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியில் இருந்த மார்செல் பிராயர், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்துட்டு அதே மாதிரி எஃகுக் குழாயை வளைச்சு நாற்காலி பண்ணினார். லேசு, சுத்தம், தொழிற்சாலையில எத்தனை வேணும்னாலும் செஞ்சுக்கலாம். ஆல்டோவே 1928-ல் துர்க்குவில் இருந்த தன் வீட்டுக்கு அந்த மாதிரி சாமான்களை வாங்கினார். ஆக, இரும்பை உபயோகிக்காமலேயே திட்டின ஆள் இல்லை. உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் வேண்டாம்னார்.

ஏன் வேண்டாம்? பின்னாடி 1935-லயும் 1940-லயும் அவர் சொன்ன காரணங்கள் மூணு: எஃகு உடம்புச் சூட்டை உறிஞ்சுது, வெளிச்சம் பட்டா கண்ணுல பளிச்சுன்னு அடிக்குது, சத்தம் பண்ணுது. நோயாளிகளுக்கு இது மூணும் ஆகாது. அழகைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை, 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' மாதிரி வசனம் இல்லை. தோல், கண், காது. அவ்வளவுதான்.

முதல் காரணத்தைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். ஒரே அறையில் ஒரு மரப் பெஞ்சும் ஒரு இரும்புப் பெஞ்சும் ராத்திரி முழுக்க இருந்தா ரெண்டும் ஒரே வெப்பநிலையிலதான் இருக்கும். ஆனா தொட்டா இரும்பு சில்லுன்னு இருக்கும், மரம் அப்படி இருக்காது. நம்ம தோல் தெர்மாமீட்டர் கிடையாது. வெப்பம் எவ்வளவு வேகமா நம்மகிட்டேருந்து போகுதுங்கிறதைத்தான் அதிகமா உணருது. சாதா எஃகு, மரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல வேகமா வெப்பத்தைக் கடத்தும். தோலோட வெப்பநிலை 33 டிகிரி பக்கம். அறை 18, 20 டிகிரின்னா எஃகு நம்ம சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கிற பின்லாந்து சானடோரியத்துல, எலும்பும் தோலுமா இருக்கிற ஒரு நோயாளி மணிக்கணக்குல அதுல உட்கார்ந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. (நம்மூர்ல மே மாசம் அறையே 34 டிகிரி. அப்போ இரும்பு நாற்காலி ஒண்ணும் பண்ணாது. அதுக்கு மாறா ஏசி போட்ட ஆஸ்பத்திரி வராண்டாவுல, ஓட்டை ஓட்டையா இருக்குமே அந்த ஸ்டீல் பெஞ்ச், அதுல ராத்திரி முழுக்க உட்கார்ந்தவங்களுக்கு ஆல்டோ சொல்றது சட்டுனு புரியும்.) மரத்துக்குள்ள கோடிக்கணக்கான காற்றறைகள். அதுதான் கம்பளி மாதிரி வேலை செய்யுது. இதுல மாயமந்திரம் எதுவும் கிடையாது.

ஆனா மரத்தைக் கொண்டுவந்தா தூசு பயம் திரும்ப வருமே? மெத்தை போட முடியாது. துணி கூடாது. மெத்தை இல்லாத மர நாற்காலின்னா நம்ம ஸ்கூல் பெஞ்ச் மாதிரி முதுகு ஒடியும். இங்கேதான் துர்க்குவில் ஃபர்னிச்சர் தொழிற்சாலை வெச்சிருந்த ஓட்டோ கோர்ஹோனன் வர்றார். ஆல்டோவும் இவரும் சேர்ந்து வருஷக்கணக்குல மரத்தை வளைச்சு வளைச்சுப் பார்த்திருக்காங்க. பின்லாந்துல எங்க பார்த்தாலும் கிடைக்கிற பிர்ச் மரம். (இமயமலையில இருக்கிற பூர்ஜ மரத்தோட பங்காளி. பட்டையில சுவடி எழுதினாங்களே, அது.) மெல்லிசா சீவி, அடுக்கடுக்கா ஒட்டி, அச்சுல அழுத்தி வளைச்சாங்க. உட்காரும் இடமும் முதுகும் ஒரே ப்ளைவுட் தகடு. மேல் நுனியும் கீழ் நுனியும் பாய் சுருட்டின மாதிரி சுருண்டிருக்கும். அந்தச் சுருள்தான் ஸ்பிரிங். உட்கார்ந்தா லேசா கொடுக்கும். கால், கை ரெண்டுக்கும் சேர்த்து பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு மூடின வளையம். தலைக்கிட்ட காத்துப் போக நீளநீளமா பிளவு. முதுகுச் சாய்மானம் மூச்சு விடத் தோதான கோணம்னு சொல்வாங்க. ஈரத்துணியால ஒரு துடைப்பு, சுத்தம். மெத்தையே இல்லாம மெத்தை, துணியே இல்லாம கதகதப்பு. 1931 - 32-ல் பிறந்த இந்த நாற்காலிக்கு ஊர்ப்பேரே பேரு: பைமியோ நாற்காலி.

ஒண்ணு கவனிங்க. பைமியோ மரக்கட்டிடம் இல்லை. முழுக்க கான்கிரீட். சுவர் வெள்ளை. நோயாளிகளோட கட்டில்கூட இரும்புக்குழாய்தான். உடம்பு நேரா தொடற இடத்துல, நாள் பூரா உட்கார்ற இடத்துலதான் மரம். இயற்கைப் பொருள்னு சொல்லி வீடு முழுக்க மரப்பலகை அடிக்கிறவங்க இதை ஒரு தடவை பார்க்கணும். எங்க வேணுமோ அங்க மட்டும்.

சரி, இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினாங்களே, நோய் குணமாச்சா?

இதுக்கான பதில் சென்னையிலேருந்து வந்தது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோனியசிட்னு மருந்துகள் வந்தாச்சு. ஆனா சானடோரியத்துல சேர்க்காம, வீட்டுல வெச்சே மருந்து கொடுத்தா போதுமா? எல்லாரையும் சேர்க்க இந்தியாவுல கட்டில் ஏது? 1956-ல் சேத்துப்பட்டுல ஒரு ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. (பின்னாளில் காசநோய் ஆராய்ச்சி மையம், இப்போ தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) நோயாளிகளைக் குலுக்கல் முறையில் ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினாங்க: ஓய்வு, நல்ல சாப்பாடு, காத்து, நர்ஸ். மறு பாதி சென்னையின் நெருக்கடியான ஏழை வீடுகள்லயே இருந்தாங்க: அரைவயித்துச் சாப்பாடு, வேலை. ரெண்டு பக்கமும் அதே மாத்திரை, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியாச்சு. ரெண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குணமாச்சு. வீட்டுல இருந்தவங்களோட குடும்பத்துக்கும் அதனால கூடுதலாத் தொற்று வந்ததாத் தெரியலை. உலகம் முழுக்க சானடோரியம் காலியாக ஆரம்பிச்சதுல இந்த ஆய்வுக்கு முக்கியமான பங்கு உண்டு. பைமியோவும் பின்னாடி பொது மருத்துவமனையா மாறிடுச்சு.

மருந்து வேலை பண்ணுச்சு, கட்டிடம் பண்ணலை. அப்போ ஆல்டோவோட நாற்காலி வேஸ்ட்டா? எனக்கு அப்படித் தோணலை. அந்த நாற்காலி நோயைக் குணமாக்கும்னு வெச்சாத்தான் அது தோத்துப்போச்சு. மாசக்கணக்குல, சில பேர் வருஷக்கணக்குல, பிழைப்போமா மாட்டோமான்னு தெரியாம உட்கார்ந்திருந்த ஆளுக்கு அந்த நாள் எப்படிப் போச்சுங்கிறது வேற கணக்கு. ராமானுஜனுக்கு பாத்ரூம் கதகதப்பால நோய் தீரலை. ஆனா கணக்குப் போட முடியும்னு அவருக்குத் தோணுச்சே.

கொஞ்சம் அளந்தும் பார்த்திருக்காங்க. 1984-ல் ராஜர் உல்ரிக் 'சயன்ஸ்' இதழில் எழுதின கட்டுரை ரொம்பப் பிரபலம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேர். பாதிப்பேர் ஜன்னல்ல மரங்கள் தெரியும், பாதிப்பேர் ஜன்னல்ல செங்கல் சுவர். மரம் பார்த்தவங்க சராசரியா 7.96 நாள்ல வீட்டுக்குப் போனாங்க, சுவர் பார்த்தவங்க 8.70 நாள். கடுமையான வலி மாத்திரையும் மரம் பார்த்தவங்களுக்குக் கம்மியாத்தான் தேவைப்பட்டுது. ஆனா அது ஜன்னல் வழியாத் தெரிஞ்ச உயிருள்ள மரம். 46 பேர் வெச்சுப் பண்ணின இந்த ஆய்வைக் காட்டி "எங்க டீக் பேனல் போட்டா டென்ஷன் குறையும்"னு விக்கிறவங்களைப் பார்த்தா சிரிப்புதான் வருது :-)

அதைவிட முக்கியமான விஷயம், பேனலை ஒட்டின பசை. இன்னிக்கு நாம மரம்னு வாங்குறதுல நிறைய மரத்தூளும் பசையும்தான். மலிவான ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டுல யூரியா-பார்மால்டிஹைடு பசை இருக்கும். அதுலேருந்து பார்மால்டிஹைடு வாயு மாசக்கணக்குல கசியும். புது கப்போர்டைத் திறந்ததும் கண் கரிக்குதே, அதுக்கு இது ஒரு காரணம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை முதல் பட்டியலில் சேர்த்தது. 2005 கத்ரீனா புயல்ல வீடிழந்தவங்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த ட்ரெய்லர் வீடுகள்ல ஜனங்களுக்கு மூச்சுத்திணறல், தலைவலி. 2008-ல் அரசோட சிடிசி அமைப்பு 519 வீடுகளை அளந்து, வழக்கமான வீடுகளைவிட இந்த வாயு ரொம்ப அதிகம்னு சொல்லி, வெயில் காலத்துக்குள்ள ஜனங்களை வெளியேத்தச் சொன்னாங்க. அந்த வீடுகளுக்குள்ள பார்த்தா எல்லாம் மரக்கலர்தான்! அதுக்கு எதிர்ப்பக்கம் லினோலியத்தை எடுத்துக்குங்க. ஆஸ்பத்திரித் தரையில விரிக்கிற அதை எல்லாரும் பிளாஸ்டிக்னு நினைக்கிறோம். 1860-களில் ஃப்ரெடரிக் வால்டன் காப்புரிமை வாங்கின அசல் லினோலியம், ஆளிவிதை எண்ணெய், பிசின், கார்க் தூள், பின்னாடி சணல் துணி. பார்வையை நம்பி எதையும் வாங்கக்கூடாது.

ஆல்டோவும் ஐனோவும் இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து 1935-ல் ஆரம்பிச்ச ஆர்டெக் கம்பெனி பைமியோ நாற்காலியை இப்பவும் விக்குது. விலையைப் பார்த்தா நமக்கு டிபி வராமலே மூச்சு திணறும். ஆனா கட்டிடங்கள்ல ஆல்டோ அந்த யோசனையைக் கடைசிவரை விடலை. 1939-ல் கட்டின வில்லா மைரியா வீட்டுல இரும்புத் தூணைச் சுத்தி பிரம்பு சுத்தியிருப்பார். பிர்ச் மரக்காட்டு நாட்டுல, கடல் தாண்டி வந்த பிரம்பு! நம்ம வீட்டு ஈஸிசேர்ல இருக்கிற அதே சாமான். 1952-ல் சைனட்சாலோ ஊர்மன்றத்துல கதவுக் கைப்பிடிக்குத் தோல் பட்டை சுத்தி வெச்சார். அந்த ஊர்ல குளிர்காலத்துல வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி. கதவைத் திறக்கறவன் கை முதல்ல படறது அந்தத் தோல்மேல.

செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை பத்தி காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதே மாதிரி ஒரு பதிவு போடுங்கப்பா. வெயில் ஊருக்கு எது சில்லுன்னு இருக்கும், ஏன் இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். அடுத்த மாசம் வீட்டுல ஒரு ரூமுக்குத் தரை மாத்தற வேலை இருக்கு.